பரணை விட்டு இறங்காத ஸ்திரீபார்ட்

நாடகக்காரிக்குப் பெயர் பாதி, ஊர் பாதி. நோட்டீசில் பெயருக்கு முன்னால் ஊர் இல்லாவிட்டால் அவளை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். கரூர் இன்னார், மணப்பாறை இன்னார் என்றுதான் அச்சடிப்பார்கள். எனக்கு அரியலூர் என்று போட்டார்கள். நான் அரியலூரில் பிறக்கவில்லை. வயசுக்கு வந்த பிறகு அத்தை வீட்டோடு வந்து, சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் ஒரு தெருவில் தங்கி, அங்கிருந்துதான் நாடகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அதனால் அரியலூர். அரசாங்கம் அந்த ஊரைத் தனி மாவட்டம் ஆக்கியது, திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தது, பிறகு மறுபடியும் பிரித்தது. என் பெயருக்கு முன்னால் மட்டும் அது ஆடாமல் அசையாமல் இருந்தது.

பிறந்தது வேப்பந்தட்டை பக்கம், மேற்கே மலை தெரிகிற ஒரு ஊர். ஊர் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். கோயிலைச் சுற்றி இருந்த தெருக்களுக்குத்தான் ஊர் என்று பெயர். நாங்கள் ஏரிக்கரைக்குக் கீழே காலனியில் இருந்தோம். அம்மா ஊர்க்காரர்களின் கொல்லையில் களை வெட்டுவாள், பருத்தி எடுப்பாள், சின்ன வெங்காயம் பிடுங்குவாள். திருவிழாவில் நாடகம் நடந்தால் நாங்கள் ஏரிக்கரை மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கரை மேலிருந்து பார்த்தபோது பாட்டோ ஜிகினாவோ என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு தட்டுதான் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து நாடகங்களில் ஒரு மரியாதை உண்டு. ஒவ்வொரு நடிகரும் முதல் தடவை மேடைக்கு வரும்போது விழாக் கமிட்டித் தலைவர் மேலே ஏறி, வெற்றிலை பாக்கு, பழம், துணி வைத்த தட்டைக் கையில் கொடுப்பார். மைக்கில் பெயரும் ஊரும் சொல்வார்கள். கதாநாயகி வேஷம் கட்டுகிறவளுக்கு ஸ்திரீபார்ட் என்று பெயர். அவளுக்கும் அந்தத் தட்டு உண்டு. வந்த ஸ்திரீபார்ட்டுகளில் யார் எந்தத் தெருவில் பிறந்தவள் என்று அவருக்கு என்ன தெரியும்? பெயருக்கு முன்னால் ஒரு டவுன் பெயர் இருந்தது. அது போதும், இரண்டு கையாலும் கொடுத்தார். அதே மனுஷர் என் அம்மாவுக்குக் கூலியை வரப்பில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார், அவள் போய் எடுத்துக்கொள்வாள். அந்தக் கையால் அந்தத் தட்டை வாங்க வேண்டும் என்று சின்ன வயசிலேயே எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. பக்தி, கலை என்று ஆயிரம் சொல்வார்கள். நான் நாடகத்துக்குப் போனதற்கு இதுதான் காரணம்.

தொழில் எனக்குச் சுலபமாகவே வந்தது. தொண்டை இருந்தது, அதைவிடப் பெரிதாக வாய் இருந்தது. எங்கள் நாடகத்துக்கு அந்த இரண்டும்தான் முதல். ஒத்திகை கிடையாது. இன்றைக்கு என்னோடு ஜோடி போடும் ராஜபார்ட்டை, அதாவது கதாநாயகனை, இன்றைக்குச் சாயங்காலம்தான் முதன்முதலாகப் பார்ப்பேன். கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. நடுவில் தர்க்கம் என்று ஒன்று வரும். அவர் பாட்டிலும் பேச்சிலும் கேள்வி கேட்பார், நான் பாட்டிலும் பேச்சிலும் பதில் சொல்ல வேண்டும். அதில் எழுதி வைத்தது எதுவும் இல்லை. அவர் மடக்கினால் ஜனங்கள் அவருக்குக் கை தட்டுவார்கள், நான் மடக்கினால் எனக்கு. கடைசியில் கதைப்படி நான் தோற்றுப் போய்க் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். அந்தக் கடைசி எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. மேடையில் எனக்கு ஆன கல்யாணங்களுக்கு அளவில்லை. நிஜத்தில் ஒன்று ஆயிற்று, அந்த ஆள் நாடகத்தை விட்டுவிடு என்றார், நான் அவரை விட்டுவிட்டேன்.

கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் முந்திரிக்காட்டு ஊர்கள், குரும்பலூர், செந்துறை என்று ஆடாத ஊர் இல்லை. பங்குனி, சித்திரையில் வீட்டில் தங்குகிற நாளே குறைவு. அரியலூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நாடகமா? வேற எடம் பாத்துக்கம்மா" என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் அடுத்த மாதமே தன் குலதெய்வம் கோயிலில் ஆட என்னைக் கூப்பிட வந்தார். தட்டு கொடுக்கும்போது, "உங்க ஊட்டுல தங்கறதுக்கு ஆகாது, சாமிக்கு ஆவுமா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் அதிகம் என்று நாடக நடிகர் சங்கத்தில் பேச்சு வந்தது. வாய் இல்லாவிட்டால் தர்க்கம் யார் செய்வது?

அது மழை பொய்த்த மூன்றாவது வருஷம். ஏரிகளில் மாடு மேய்ந்தது. கதையில் வரும் கல்யாணத்தை மேடையில் நடத்திவைத்தால் மழை வரும் என்று பல ஊர்களில் நாடகம் வைத்தார்கள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்துதான் எங்கள் ஏஜென்ட் தேதி பிடிப்பார். ஒரு நாள் என்னைப் பார்த்து, "வேப்பந்தட்டை பக்கம் ஒரு தேதி இருக்கு, அரியலூர் ஸ்திரீபார்ட்தான் வேணுமாம், தோதுப்படுமா?" என்று கேட்டு ஊர்ப் பெயரைச் சொன்னார். என் ஊர்தான். நான் எங்கே பிறந்தவள் என்று அவருக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. பெயருக்கு முன்னால் எழுதியிருப்பதுதான் பிறந்த ஊர் என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார். தோதுப்படும் என்று சொன்னேன்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் இவ்வளவு பயப்படுவாள் என்றும் நினைக்கவில்லை.

"வேணாம்டி. நீ எந்தச் சீமைக்கு வேணா போயி ஆடு. இங்க மட்டும் வராத. நாளைக்கும் அவங்க கொல்லையில நான்தான் குனியணும்."

"நான் குனிய மாட்டேன்மா."

"நீ ஆடிட்டுப் பஸ் ஏறிடுவ. நான் எங்க போவேன்?"

அவள் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பதில் சொல்லத் தெரியாத தர்க்கம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஆனாலும் தேதியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்றைக்கு ராஜபார்ட் கரூர்க்காரர், நல்ல சாரீரம், கொஞ்சம் தலைக்கனம். ஆர்மோனியம் வாசித்தவர் துறையூர்க்காரர், அதிகம் பேச மாட்டார். முதலில் பபூன் வந்து சிரிக்க வைத்தார், தட்டு வாங்கினார். ராஜபார்ட் வந்தார், தட்டும் மாலையும் வாங்கினார். வாத்தியக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். நான் சிறுமியாக இருந்தபோது கொடுத்தவர் போய்விட்டிருந்தார், இப்போது அவர் மகன்தான் தலைவர். கொல்லையும் அவருடையது, அம்மாவுக்குக் கூலியும் அவரிடம்தான். வரப்பில் வைக்கும் வழக்கமும் அப்பன் சொத்தோடு சேர்ந்து மகனுக்கு வந்திருந்தது.

ஸ்திரீபார்ட் முதலில் திரைக்குள் நின்றுதான் பாடுவாள். முகம் தெரியாமல் குரலை மட்டும் ஜனங்கள் கேட்பார்கள். பாட்டு முடிகிற நேரம் வெளியே வருவாள். நான் பாடினேன், விசில் பறந்தது. வெளியே வந்து கும்பிட்டேன். தலைவர் தட்டோடு மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த அவர் மனைவி எழுந்து, பக்கத்தில் இருந்த கமிட்டி ஆளிடம் என்னவோ சொன்னார். அந்த ஆள் ஓடிப்போய்த் தலைவர் காதில் சொன்னான். அந்தம்மா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அம்மாவின் முகம். வருஷக் கணக்காக அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று கஞ்சி வாங்கிய முகம், பவுடர் பூசினால் மறையுமா? தலைவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், திரும்பி இறங்கிப் போய்விட்டார். மைக்கில், "நேரமாயிடுச்சு, நாடகம் தொடரட்டும்" என்று அறிவித்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது, ஆனால் வேஷத்தோடு அழுதால் மை வழியும் என்று அடக்கிக்கொண்டேன்.

கதை இதுதான். மலைப்பெண் ஒருத்தி கொல்லையில் பரண் மேல் நின்று கிளி விரட்டுகிறாள். கடவுள் வேடன் வேஷத்தில் வந்து அவளைக் கேட்கிறார். அவள் முடியாது என்கிறாள். தர்க்கம் நடக்கிறது. யானை வருகிறது, அவள் பயந்து இறங்கி ஓடுகிறாள், கல்யாணத்தில் முடிகிறது. மேடை நடுவில் நாலு மூங்கில் நட்டு, மேலே பலகை போட்டுப் பரண் கட்டியிருந்தார்கள். ஏறி நின்றேன். ஏரிக்கரை தெரிந்தது. கரை மேல் எங்கள் தெரு ஜனம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

வேடன் முதலில் கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். உன் ஊர் எது, பெயர் எது, குலம் எது என்பது. நானும் எல்லா ஊரிலும் மலை, சுனை, தேன், தினை என்று அலங்காரமாகப் பாடிவிட்டுப் போவேன். அன்றைக்குக் கரூர்க்காரர் வழக்கம்போல இழுத்துப் பாடிக் கேட்டார். நான் ஆர்மோனியக்காரரைப் பார்த்துச் சுருதி வாங்கிக்கொண்டு பாடினேன்:

"ஏரிக்கரை எறக்கத்துல எங்க தெரு வேடரே,
எங்கம்மா களைவெட்டுன கொல்லை இந்தக் கொல்லைதான்.
வெதச்ச கையி எங்க கையி, வெரட்டுறதும் எங்க கையி,
வெளஞ்சதெல்லாம் ஊருக்குள்ள, வெளியில நான் நிக்கிறேன்."

ஆர்மோனியக்காரர் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கரூர்க்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கைதேர்ந்தவர். "ஓகோ, இந்த ஊர்ப் பெண்தானா நீ? அதனால்தான் வாய் இவ்வளவு நீளம்" என்று சொல்லிச் சிரிப்பு வாங்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஏரிக்கரையிலிருந்து ஒரே ஒரு விசில் வந்தது, உடனே நின்றுவிட்டது.

அவர் கதையை நகர்த்தினார். பபூன் யானை முகமூடி போட்டுக்கொண்டு பிளிறியபடி வந்தார். நான் இறங்கவில்லை. யானை பரணைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றியது. நான் நின்றேன். யானை மூச்சு வாங்கிக்கொண்டு, "எறங்கும்மா, முகமூடிக்குள்ள வேவுது" என்று கீழேயிருந்து கெஞ்சியது.

மைக்கைப் பிடித்தேன். "வேடரே, உங்களுக்குத் தட்டு குடுத்தாங்க. பபூனுக்குக் குடுத்தாங்க. மிருதங்கத்துக்குக் குடுத்தாங்க. பொண்ணுக்கு மட்டும் குடுக்கலையே. தட்டு வாங்காத பொண்ணு எப்படிங்க கல்யாணத்துக்கு எறங்குவா?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். திரைக்குள் நின்று கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டை எனக்கு. மைக் இல்லாமலே திரும்பச் சொன்னேன். கரூர்க்காரர் அருகில் வந்து, "என் தட்ட எடுத்துக்கம்மா, எறங்கு" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"அது உங்களுக்குக் குடுத்ததுங்க. எனக்குக் குடுத்தது எங்க?"

"அவள எறக்குங்கடா" என்று கூட்டத்தில் குரல் கேட்டது. நாலைந்து பேர் படியேறப் பார்த்தார்கள். ஏரிக்கரையில் எங்கள் ஆட்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அதுவரை வாயே திறக்காத துறையூர்க்காரர் ஆர்மோனியத்தை மூடிவிட்டுப் படிக்கு நேராகப் போய் நின்றார். "பூசை போட்ட மேடை. செருப்போட ஏறாதீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இறங்கிவிட்டார்கள்.

அப்படியே விடிந்தது. பகல் வெளிச்சத்தில் நாடக மேடையைப் போல அசிங்கம் வேறில்லை. சீன் துணியில் இருந்த மலை ஓட்டையும் ஒட்டுமாகத் தெரிந்தது, கடவுள் கொட்டாவி விட்டார். முதல் டவுன் பஸ் வந்து நின்று, அதிலிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் மட்டும் கலையவில்லை. கலைய முடியாது. கல்யாணம் முடியாமல் நாடகம் நின்றால் ஊருக்கு ஆகாது. அதோடு இன்னொன்றும் இருந்தது. கல்யாணம் ஆனதும் ஸ்திரீபார்ட் கையால் மஞ்சள் கிழங்கு வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்த வருஷமே வரன் அமையும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. பெண்ணை வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் தூங்காமல் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

தலைவர் மனைவிதான் முதலில் எழுந்தார். என்னைக் காட்டிக்கொடுத்த அதே அம்மா. ஊர் பார்க்கப் புருஷனைப் பார்த்து, "தட்டத்தான குடுங்களேன். என்ன கொறைஞ்சு போவப் போவுது? பொண்ண எத்தன வருசம் வூட்டுல வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கறது?" என்றார். இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு என் மேல் கரிசனம் ஒன்றும் இல்லை. மஞ்சள் வேண்டியிருந்தது.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பரணுக்குக் கீழே மேடைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பினார். வரப்பில் வைப்பாரே, அதே மாதிரி.

"கையில குடுங்க" என்றேன்.

அவர் நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. யாரும் அவருக்காகப் பேசவில்லை. குனிந்து தட்டை எடுத்தார். நான் இறங்கி வாங்கியிருக்கலாம், இறங்கவில்லை. பரண் உயரம், அதனால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தார். தட்டின் அந்த ஓரத்தை அவர் நுனிவிரலால் பிடித்திருந்தார், என் விரல் பட்டுவிடக் கூடாது என்று. நான் பார்த்தேன். அத்தனை வருஷம் ஆசைப்பட்ட தட்டு கையில் இருந்தது, உள்ளே சந்தோஷம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கோபம்தான் இருந்தது, முன்னைவிட அதிகமாக.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட் அந்த சீசன் முழுக்க என்னைக் கை கழுவிவிட்டார். நான் வேறு ஏஜென்ட்டைப் பார்த்துக்கொண்டேன். அம்மாவைக் களைவெட்டுக்குக் கூப்பிடவில்லை. கையில் கிடைத்ததைச் சேர்த்து அனுப்பினேன், அவள் என்னோடு பேசாமலே வாங்கிக்கொண்டாள். வெங்காயம் பிடுங்கும் காலம் வந்ததும் ஆள் கிடைக்காமல் அவர்களே வந்து கூப்பிட்டார்கள். அந்த வருஷம் மழை பெய்ததா என்றால் பெய்யவில்லை. அதற்கும் என்னைத்தான் சொன்னார்களாம். ஏற்கெனவே இரண்டு வருஷம் பெய்யாததற்கு யாரைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஊர் என்னை மறுபடி கூப்பிடவே இல்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.

அன்றைக்குத் தட்டை வாங்கிக்கொண்டு பரணிலிருந்து இறங்கினேன். கரூர்க்காரர் ஒரே பாட்டில் கல்யாணத்தை முடித்தார். பெண்கள் மேடைக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு வந்து கையை நீட்டினார்கள், தலைவர் மனைவி முதலில். கையைக் குழித்து, கொஞ்சம் தாழ்த்தி நீட்டினார். மேலேயிருந்து போடுவேன், அப்படியே ஏந்திக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். மேலேயிருந்து போட எனக்கும் தெரியும், அந்தம்மா ஊற்றிய கஞ்சியை என் அம்மா அப்படித்தான் வாங்கினாள். நான் குனிந்து அவர் கையைப் பிடித்தேன். மஞ்சளை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மூடி, என் இரண்டு கையாலும் நன்றாக அழுத்தினேன். அவர் கையை இழுக்கப் பார்த்தார், மஞ்சள் உள்ளே இருந்ததால் விட்டுவிட்டார். அடுத்த கை வந்தது, அதையும் பிடித்தேன். வரிசை முடிகிற வரைக்கும் ஒருத்தியையும் விடவில்லை.